ஐபோன் 17: சிம் கம்பனிக்கு வரும்வரை இருப்பதா, கனடாவில் இருந்து எடுப்பதா?

முத்தையன்கட்டுக்காரி:
எல்லோருக்கும் வணக்கம். ஐபோன் 17 வெளிநாடுகளில் 2025 செப்டெம்பர் 19 அன்றே விற்பனைக்கு வந்துவிட்டது. நான் பாவிக்கிற சிம் கம்பனியின் கிளைக்கு அதற்குப் பிறகு மூன்று தடவை போய் வந்துவிட்டேன். ஒட்டுசுட்டானில் பஸ் ஏறி, மாங்குளத்தில் இறங்கி, கிளிநொச்சிக்கு வேறு பஸ் பிடித்தால் அன்றைய பொழுது முடிந்தது. ஒவ்வொரு முறையும் "அடுத்த கிழமை வரும்" என்ற அதே பதில்தான். எந்தக் கிழமை என்று சொல்ல ஒருவரும் இல்லை. அவர்களிடம் எடுத்தால் மாதத் தவணையில் கட்டலாம், உத்தரவாதமும் இருக்கும் என்றுதான் இவ்வளவு நாளும் பொறுத்தேன். கையில் இருக்கிற போனில் கண்ணாடி வெடித்து, கீழ் மூலையில் விரல் வைத்தால் கீறுகிறது, அந்தப் பக்கத்து எழுத்துகள் நாலு தரம் அமத்தினால்தான் விழும். மார்கழியில் ஸ்காபரோவில் இருந்து மாமா வருகிறார், சொன்னால் வாங்கி வருவார். அங்கே வாங்கினது எங்கட சிம்முக்கு வேலை செய்யுமா, வேறு கம்பனிச் சிம் ஏறாதபடி லொக் போட்டிருப்பார்களா? தெரிந்தவர்கள் சொல்லுங்கோ.

கிளிநொச்சி போன்கடை:
தங்கச்சி, கம்பனி விற்கிறதும் கடையில் விற்கிறதும் ஒரே சாமான்தான். இலங்கையில் அநேகமாக எந்தப் போனுக்கும் எந்தச் சிம்மும் போடலாம். புது மொடல் கொழும்பில் விற்று மிஞ்சினால்தான் எங்கட பக்கம் வருகிறது, என் கடைக்கும் அதே கதை. ஆனால் மலிவு என்று யாராவது காட்டினால் உடனே காசைக் கொடுத்துவிடாதேங்கோ. 2024 தை மாதத்தில் இருந்து போனுக்கும் 18 வீதம் வற் வரி இருக்கிறது, அதைக் கட்டாமல் உள்ளே வந்த சாமானும் சந்தையில் ஓடுகிறது. *#06# அடித்தால் அந்தப் போனுக்கே உரிய 15 இலக்கம் வரும், அதுதான் ஐஎம்இஐ. ஐஎம்இஐ என்று ஆங்கில எழுத்தில் போட்டு, ஓர் இடைவெளி விட்டு, அந்த இலக்கத்தை 1909க்கு எஸ்எம்எஸ் அனுப்புங்கோ. தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவில் பதிந்ததா என்று பதில் வரும்.

ஸ்காபரோவில் இருந்து ஒருவன்:
லொக் பற்றி யோசிக்க வேண்டாம். 2017 டிசம்பர் 1 முதல் கனடாவில் லொக் போட்ட போன் விற்கக் கூடாது. நீங்கள் பார்க்க வேண்டியது வேறு விசயம்: இங்கே விற்கிற ஐபோன் 17இல் சிம் போடுகிற தட்டே கிடையாது, ஈ-சிம் மட்டும்தான், அதாவது அட்டையாகப் போடாமல் போனுக்குள்ளேயே பதிகிற சிம். அமெரிக்காவில் 2022இல் வந்த 14இல் இருந்தே அப்படித்தான். லண்டனில் வாங்கினால் தட்டு இருக்கும். போன மாதம் என் தங்கைக்கு வாங்கிக் கொடுத்த பிறகுதான் எனக்கே இது தெரியும், பாவம், இரண்டு நாள் பெட்டியோடு வைத்திருந்தாள்.

மல்லாவி மாஸ்டர்:
ஈ-சிம் இங்கேயும் தருகிறார்கள், அடையாள அட்டையோடு கிளைக்குப் போனால் மாற்றலாம். ஆனால் பிள்ளை, மாரிக்கு எங்கட இடத்தில் கரண்ட் போனால் எப்போது வரும் என்று தெரியாது. போன வருசம் அடைமழைக்கு இரண்டு நாள் இருட்டில் இருந்தோம். போன் செத்தவுடன் சிம்மைக் கழற்றி அம்மாவின் பட்டன் போனுக்குள் போட்டேன், ஒரு தரம் சார்ஜ் ஏற்றினால் அது நாலு நாள் நிற்கும். ஊசி கிடைக்காமல் அம்மாவின் தோட்டைக் கழற்றித்தான் அந்தத் தட்டைத் திறந்தேன். அந்த இரவு தங்கச்சிக்கு வலி கண்டு அம்புலன்ஸ் கூப்பிட்டது அந்தப் பட்டன் போனில்தான். ஈ-சிம் என்றால் அதைக் கழற்ற வழியில்லை.

முத்தையன்கட்டுக்காரி:
மாஸ்டர், இது எனக்கு யோசனையிலேயே வரவில்லை. எங்கட வீட்டிலும் சிக்னல் யன்னல் நிலையில் ஓர் இடத்தில்தான் நிற்கும், மழைக்கு அதுவும் போய்விட்டால் அப்பா போனையும் குடையையும் கொண்டு குளக்கட்டுக்குத்தான் ஏறுவார். மாமாவிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன், அவர் வந்தாலே போதும். தட்டு உள்ளதைத்தான் எடுக்கப் போகிறேன், தவணை இல்லாவிட்டாலும் பரவாயில்லை, சீட்டுக்காசு தையில் விழும். போன்கடை அண்ணை, உங்களுக்கு வந்தால் விலையைச் சொல்லுங்கோ. இனி அந்தக் கிளைக்குப் பஸ் ஏற என்னால் ஏலாது.

கிளிநொச்சி போன்கடை:
சரி தங்கச்சி. இலங்கைக்கு என்று வருகிறதில் தட்டு இருக்கும், வந்த அன்றே இங்கே எழுதுகிறேன். முற்காசு ஒன்றும் தர வேண்டாம், பெட்டியை உங்கட கையால் உடைத்து, 1909க்கு அனுப்பிப் பதில் வந்த பிறகு காசு தாங்கோ.