மறு: டேம்பிங் – தடையா, ஒடுக்கமா, தணிப்பா?

வணக்கமுங்க. அதிர்வின் ஆற்றலைத் தின்று ஆட்டத்தைக் குறைக்கும் 'டேம்பிங்'குக்கு நம் சொற்கோவையில் எந்தத் தமிழ்ச் சொல் வைப்பது என்ற உங்கள் கேள்விகளுக்குப் பதில்.

> பள்ளிப் பாடநூலில் 'தடையுறு அலைவுகள்' இருக்கிறதே. 'தடை' என்றே வைத்துவிடலாமே?

பாடநூலுக்கு அது போதும். பொருளைச் சிறு கூறுகளாகப் பிரித்துக் கணக்கிடும் வரம்புறு கூறு (ஃபைனைட் எலிமென்ட்) மென்பொருளுக்குள் வந்தால் இடிக்கும். பம்பு அடிச்சட்டத்தின் மாதிரியில் போல்ட் போட்ட இடங்களில் நகர்வைப் பூட்டுகிறோமே, அதையும் தடை என்றுதான் எழுதி வருகிறோம். பூட்டுவது விறைப்பின் (வளையாமல் எதிர்க்கும் பண்பின்) கணக்கு. டேம்பிங் ஆற்றலைத் தின்னும் கணக்கு.

> ஒடுக்கம்?

சுதந்திர இயக்கக் கூறுகளை (புள்ளிகள் நகரக்கூடிய வழிகளை) குறைத்து மாதிரியைச் சுருக்கும் 'கண்டென்சேஷ'னுக்கு அதை விட்டுவைக்கலாமுங்க.

பட்டறையில் 'ஆட்டம் அடங்கலை' என்கிறார்கள். காதுக்கு அதுதான் சுகம். ஆனால் அடக்கம் என்றால் இழவு வீடு, அடங்கல் என்றால் கிராம நிர்வாக அலுவலர் கையெழுத்து. அதனால் என் ஓட்டு 'தணி'க்கு. தன்வினை, பிறவினை இரண்டும் ஒரே வேரில் கிடைக்கின்றன. வீச்சு சுற்றுக்குச் சுற்று குறைந்து வருவது தணிவு; அப்படிக் குறைக்கும் பண்பு தணிப்பு; அதற்கென்று மாட்டும் கருவி தணிப்பி. (தணிக்கை வேண்டாம், ஆடிட்டர் வந்துவிடுவார்.)

இந்தப் பிரிவு வேலைக்கும் உதவும். சட்டத்தை ரப்பர் சுத்தியலால் ஒரு தட்டு தட்டுகிறோம். 10 சுற்றில் வீச்சு பாதியாகிறது. மடக்கைத் தணிவு, அதாவது அடுத்தடுத்த வீச்சுகளின் விகிதத்துக்கு இயல் மடக்கை: 2-இன் மடக்கை 0.693 / 10 = 0.0693. அதை 6.28ஆல் (2π) வகுத்தால் தணிப்பு விகிதம் (ஆட்டமே எழாமல் நிறுத்தத் தேவையான தணிப்பில் எத்தனை பங்கு என்பது) சுமார் 0.011. அளப்பது தணிவை, மென்பொருளில் கொடுப்பது தணிப்பை.

– கோவையிலிருந்து

ஏனுங்க, 'ஸ்ட்ரக்சுரல் டேம்பிங்'கை விட்டுட்டீங்களே. சண்டையே அங்கதான். 'கட்டமைப்புத் தணிப்பு' என்று சொல்லுக்குச் சொல் வைத்தால், கட்டமைப்பின் மொத்தத் தணிப்பு என்றுதான் யாரும் படிப்பார்கள். நாஸ்ட்ரான் என்ற வரம்புறு கூறு மென்பொருளில் 'ஜி' (ஸ்ட்ரக்சுரல் டேம்பிங் எண்) கேட்கிற இடத்திலும் தணிப்பு விகிதத்தையே போட்டுவிடுவார்கள். ஒத்ததிர்வில் அந்த எண் விகிதத்தைப் போல இரண்டு மடங்கு: 2 விழுக்காட்டுக்கு 0.04 தர வேண்டும். 0.02 தந்தால் உச்சி இரட்டிப்பாகி, இல்லாத ஆபத்துக்குத் தகடு தடிமன் ஏறும்.

'விறைப்புசார் தணிப்பு' என்றும் வைக்க முடியாது. தணிப்பை நிறைக்கு ஒரு பங்கு, விறைப்புக்கு ஒரு பங்கு என்று கூட்டும் ரேலி முறையின் ஒரு பாதிக்கு அது வேண்டும். இந்தத் தணிப்பு வருவது ஹிஸ்டிரிசிஸால், அதாவது விசைக்குப் பின்தங்கிப் பொருள் நகர்வதால்; அதற்குத் 'தயக்கம்' ஏற்கெனவே புழங்குகிறது, காந்தத் தயக்கம் போல. 'தயக்கத் தணிப்பு' என்போம்; அதன் எண்ணுக்கு 'இழப்பெண்'. விகிதம் என்ற சொல்லே அதில் வராமல் இருப்பது நல்லது.

– ஈரோட்டிலிருந்து

தயக்கத் தணிப்பு, சரிங்க. எடுத்துக்கொண்டேன்.

ரேலி தணிப்புக்கு ஆல்ஃபா 'நிறைக்கெழு', பீட்டா 'விறைப்புக்கெழு'. சொற்கோவையில் விளக்கத்தோடு நிற்காமல் ஒரு கணக்கும் சேர்க்க வேண்டும், ஏனென்றால் பலரும் வழுக்குவது இங்கேதான். 10, 60 ஹெர்ட்ஸ் இரண்டிலும் 2 விழுக்காடு வேண்டுமென்று கொடுத்தால் நிறைக்கெழு 2.154, விறைப்புக்கெழு 0.000091. இரண்டு முனையிலும் கேட்டது கிடைக்கும். நடுவில் வளைவு தொய்யும்: 24 ஹெர்ட்ஸில் தணிப்பு 1.4 விழுக்காடுதான். நிமிடத்துக்கு 1440 சுற்று மோட்டார் ஓடுவது அதே 24 ஹெர்ட்ஸில்! சட்டத்தின் இயல் அதிர்வெண் அங்கே விழுந்தால், நிலைச் சுமை தரும் நகர்வைப் போல 25 மடங்கு வர வேண்டிய உச்சி 36 மடங்காகத் தெரியும். மேலே போனால் நேர்மாறு. 6 இறக்கை இம்பெல்லரின் 144 (24 × 6) ஹெர்ட்ஸில் தணிப்பு 4.2 விழுக்காடு, அங்கே உண்மையான உச்சி பாதியாக அமுங்கிவிடும். இந்தத் தப்புதான் மோசம், படத்தில் எல்லாம் அழகாக இருக்கும்.

இந்த நடுத்தொய்வுக்கு 'தணிப்புப் பள்ளம்' என்று எழுதியிருக்கிறேன். தப்பிக்க, 24, 144 இரண்டையும் முனையாக வைக்கலாம். பள்ளம் 59 ஹெர்ட்ஸ் பக்கம் நகர்ந்துவிடும். அங்கே இயல் அதிர்வெண் ஏதும் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும். அதிர்வு வடிவங்களைக் கூட்டித் தீர்க்கும் முறையென்றால் ரேலியே வேண்டாம், வடிவத்துக்கு வடிவம் விகிதத்தை நேராகக் கொடுத்துவிடலாம்.

'அரைத்திறன் அகலம்' பாக்கி: உச்சியின் இரு பக்கமும் திறன் பாதியாகும் அதிர்வெண்களுக்கு இடைப்பட்ட அகலம். 24 ஹெர்ட்ஸ், 1.4 விழுக்காட்டுக்கு அது 0.67 ஹெர்ட்ஸ்தான், 1 ஹெர்ட்ஸ் படியில் ஓட்டினால் உச்சி இரண்டு புள்ளிகளுக்கு நடுவே ஒளிந்துகொள்ளும். 0.1 படி வையுங்கள். 'அகலம்' பிடிக்காதவர்கள் வேறு சொல் தாருங்க.

– கோவையிலிருந்து