இலவச ஆபரேஷனுக்கு எதற்கு வசூல்?

பெரம்பூர் லோகோ:
எங்கள் தெருவில் ஒரு திருநங்கை ஆபரேஷனுக்கு என்று கடை கடையாகப் பணம் கேட்டு வந்தார். நான் கொடுக்கவில்லை. 2008-லேயே திருநங்கைகளுக்கு நல வாரியம் அமைத்த மாநிலம் இது. பாலின மாற்று அறுவை சிகிச்சை அரசு மருத்துவமனையில் இலவசம். அப்புறம் எதற்கு வசூல்? ஆபரேஷன் முடிந்து ஓய்வில் இருக்கிற நாட்களுக்கும் அரசு பணம் தர வேண்டும் என்று சிலர் கேட்கிறார்கள். அவர்கள் காரணம் சொல்லுங்கள்.

புளியந்தோப்பு மல்லி:
அண்ணே, நான் அதைச் செய்துகொண்ட திருநங்கை. ஆபரேஷனுக்கு ஒரு பைசா வாங்கவில்லை, உண்மை. ஆனால் அதற்கு முன்னால் மனநல மருத்துவர், ஹார்மோன் மருத்துவர், பிளாஸ்டிக் சர்ஜரி பிரிவு என்று எத்தனை நடை! ஓபி காலையில்தான். பூக்கடை வேலையும் காலையில்தான். போன நாளெல்லாம் கூலி போச்சு.

ஆபரேஷனுக்குப் பிறகு ஆறு வாரம் வேலை செய்யக் கூடாது என்றார்கள். புதிதாக அமைத்த உறுப்பு சுருங்காமல் இருக்க தினமும் டைலேட்டர் என்கிற குழாய் போன்ற கருவியை உள்ளே வைத்துப் படுத்திருக்க வேண்டும். பத்துக்குப் பத்து அறையில் நான்கு பேராக இருந்துகொண்டு அதை எப்படிச் செய்வது? தனி அறை தேடினேன். திருநங்கை என்று தெரிந்ததும் வீட்டு ஓனர் வாடகையை ஏற்றிச் சொன்னார். வேறு வழியில்லாமல் தண்டல் வாங்கினேன். பத்தாயிரம் என்று எழுதிக்கொண்டு 8,500 கையில் கொடுத்தார்கள். நூறு நாளைக்கு, நாளுக்கு நூறு ரூபாய் கட்ட வேண்டும். படுத்திருக்கிறவளுக்கு அந்த நூறு எங்கிருந்து வரும்? நான்காவது வாரமே கடைக்குப் போனேன். தையல் பிரிந்து மறுபடியும் ஆஸ்பத்திரி.

உங்களிடம் வந்தவர் எதற்குக் கேட்டார் என்று விசாரித்தீர்களா?

காசிமேடு அலை:
வருத்தமாகத்தான் இருக்கிறது. ஆனால் என் அப்பாவுக்கு வாரம் இரண்டு நாள் டயாலிசிஸ். அவர் வேலைக்குப் போய் இரண்டு வருஷம் ஆகிறது. கூட்டிப்போகிற நாளில் எனக்கும் சம்பளம் இல்லை. அதை யார் தருகிறார்கள்? உயிர் காக்கிற சிகிச்சைக்கே இல்லாததை இதற்குக் கேட்கலாமா?

தண்டையார்பேட்டை வக்கீல்:
'இதற்கு' என்று ஒதுக்கிவிட முடியாது. 2019-ஆம் ஆண்டு திருநர் உரிமைப் பாதுகாப்புச் சட்டத்தின் 15-ஆம் பிரிவு இந்த அறுவை சிகிச்சை, ஹார்மோன், லேசர் மூன்றுக்கும் காப்பீட்டில் இடம் தரச் சொல்கிறது. 2022-இல் ஒன்றிய அரசு ஆயுஷ்மான் பாரத்தில் திருநர்களுக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை காப்பீடு என்று அறிவித்தது. ஆனால் அதற்கு மாவட்ட ஆட்சியர் வழங்கும் திருநர் சான்றிதழ் வேண்டும். பதினைந்து வயதில் கட்டிய துணியோடு வீட்டை விட்டு வந்த பிள்ளையிடம் என்ன காகிதம் இருக்கும்?

பெண்ணாகப் பிறந்து ஆணாக வாழ்கிற திருநம்பிகள் பாடு இன்னும் மோசம். மார்புக்கு ஒன்று, கருப்பைக்கு ஒன்று என்று தனித்தனி ஆபரேஷன், ஒவ்வொன்றுக்கும் தனியாக ஓய்வு. திருநங்கைக்காவது ஜமாத் என்கிற அவர்கள் கூட்டத்தில் பாட்டி முறையில் ஒரு நானி, தாய் முறையில் ஒரு குரு கஞ்சி வைத்துக் கொடுப்பார். இவர்களுக்கு அதுவும் இல்லை.

அலை, உங்கள் ஊரிலேயே மீன்பிடித் தடைக்காலம் 61 நாளுக்கு மீனவக் குடும்பங்களுக்கு அரசு நிவாரணம் தருகிறது. வேலைக்குப் போக முடியாத நாளுக்குப் பணம் என்பது புதுசா?

காசிமேடு அலை:
அது வேறு சார். கடலுக்குப் போகாதே என்று அரசே தடுக்கிறது, அதனால் தருகிறது.

புளியந்தோப்பு மல்லி:
என்னையும் ஆறு வாரம் எழுந்திருக்காதே என்று சொன்னது அரசு டாக்டர்தானே தம்பி? அப்பாவுக்கு நீங்கள் இருக்கிறீர்கள். கூலி போனாலும் கூட்டிப் போகிறீர்கள். எனக்கு அன்றைக்கு யாருமில்லை. அப்பாவுக்கும் சேர்த்துக் கேளுங்கள், நானும் கூட வந்து நிற்கிறேன்.

காசிமேடு அலை:
எல்லா ஏழை நோயாளிக்கும் என்றால் சரி. இவர்களுக்கு மட்டும் என்றால் இப்போதும் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

பெரம்பூர் லோகோ:
நான் விசாரிக்கவில்லைதான். தப்பு. ஆனால் பணமாகக் கொடுத்தால் தண்டல்காரர் கைக்குத்தான் போகும் என்று நினைக்கிறேன். ஆறு வாரம் தங்க இடம், மூன்று வேளை சாப்பாடு என்று ஆஸ்பத்திரி பக்கத்திலேயே அரசு நடத்தினால் என் வரிப்பணம் போகட்டும்.

புளியந்தோப்பு மல்லி:
அப்படி ஒரு இடம் இருந்திருந்தால் நான் தண்டலே வாங்கியிருக்க மாட்டேன் அண்ணே. ஆனால் ஹால் மாதிரி வரிசையாகக் கட்டில் போட்டு விடக் கூடாது. ஆளுக்கு ஒரு அறை, சின்னதாக இருந்தாலும் போதும். உள்ளே தாழ்ப்பாள் இருக்க வேண்டும்.