டின் விசிலைக் கழுவிக் கெடுத்த கதை

இங்கிலாந்தின் மான்செஸ்டர் பக்கம் ஒரு கார் பூட் சேல், அதாவது கார் டிக்கியில் வைத்துப் பழைய சாமான் விற்கும் சந்தை. பெரியவர் ஒருவர் பிஸ்கட் டப்பா நிறையத் துருப்பிடித்த சாவிகளோடு ஒரு டின் விசிலையும், அதாவது ஆறு துளையுள்ள தகர ஊதுகுழலையும், போட்டு வைத்திருந்தார். கறுப்புப் பெயின்ட், அதன் மேல் பொன்நிறப் பூவேலை. "விக்டோரியா காலத்தது, இருபது பவுண்டு" என்றார். பேரம் பேசி 12-க்கு வாங்கினேன்.

வீட்டில் வந்து திருப்பிப் பார்த்தேன். தகட்டைச் சுருட்டிச் செய்திருக்கிறார்கள். பின்பக்கம் நெடுக ஒரு மூட்டு. வாய்ப்பக்கம் அகலம், போகப் போகக் குறுகல். ஊதும் இடத்தில் மரக்கட்டை. எல்லாமே கிளார்க் விசிலின் லட்சணம். சஃபோக் மாவட்டத்தின் கோனி வெஸ்டன் கிராமத்தில், பண்ணைக் கூலியாக இருந்த ராபர்ட் கிளார்க் 1843-இல் செய்யத் தொடங்கியது. தகடும் கருவிகளும் தள்ளுவண்டியில், வழியெல்லாம் செய்து விற்றுக்கொண்டே மான்செஸ்டருக்கு நடந்தே வந்தார் என்று சொல்வார்கள். அதைப் படித்ததும், இது அவரே கையால் வளைத்தது என்று நானாக முடிவு கட்டிவிட்டேன். கிளார்க்கின் அந்த வடிவம் இன்றும் கடையில் புதிதாகக் கிடைக்கிறது என்பது அப்புறம்தான் உறைத்தது.

அதற்குள் இன்னொரு காரியம் செய்துவிட்டேன். வெந்நீரில் பாத்திரம் கழுவும் சோப்பைக் கலந்து ஊறவைத்தேன். கட்டை உப்பிக் காற்றுவழி அடைத்துக்கொண்டது. ஊதினால் 'புஸ்'. நிழலில் இரண்டு நாள் காய்ந்ததும் சத்தம் திரும்பியது, ஆனால் பொன்நிறத்தில் பாதி துடைத்த துணியோடு போய்விட்டது. காலத்தைக் கண்டுபிடிக்க உதவியிருக்கக்கூடியதே அந்தப் பூவேலைதான்!

சரி, சுருதியாவது பார்ப்போம் என்று போனில் ட்யூனரை (சுருதி அளக்கும் செயலியை) போட்டேன். ஆறு துளையையும் மூடி ஊதினால் மேற்கத்திய ஸ்வரமான 'சி', ஆனால் கிட்டத்தட்ட கால் ஸ்வரம் தூக்கல். துள்ளிக் குதித்தேன். அந்தக் கால பிரிட்டனில் 'ஏ' ஸ்வரத்தின் சுருதி நொடிக்கு 452 அதிர்வு வரை இருந்தது, இப்போது 440. கணக்குச் சரியாக வந்தது. ஆனால் அங்குள்ள பித்தளை பேண்டுகள் 1960-கள் வரை அந்த உயர்ந்த சுருதியிலேயே வாசித்தன; அதனால் சுருதியை வைத்து விக்டோரியா காலம் என்று சொல்ல முடியாது. போதாததற்கு, கொஞ்சம் அழுத்தி ஊதினாலே இந்தக் குழலின் சுருதி ஏறிவிடுகிறது. இப்போதைக்கு 'பழசு' என்று மட்டும் சீட்டு எழுதி ஒட்டியிருக்கிறேன்.

*

அண்ணா, நீங்கள் சோப்போடு தப்பித்தீர்கள். டப்ளினில் நான் வாங்கியது உருளையான பித்தளைக் குழாய், மேலே சாம்பல் நிறத்தில் கனமான தலை. வெள்ளி என்று நினைத்துப் பெருமைப்பட்டேன். பையன் நாள் முழுக்க ஊதினான். ராத்திரி தற்செயலாக அந்தத் தலையைக் காகிதத்தில் இழுத்தால் பென்சில் மாதிரி கோடு விழுகிறது. காரீயம், உடம்புக்கு விஷம்! மறுநாளே பையனுக்கு ரத்தப் பரிசோதனை, நல்லவேளை, ஒன்றுமில்லை. குழாய் விசில்களில் முன்பு காரீயத் தலை வந்தது, பிளாஸ்டிக் தலை பிற்பாடு வந்த பழக்கம். அதனால் பழையது என்ற சந்தோஷமும் வயிற்றெரிச்சலும் சேர்ந்தே வந்தன. குழாயில் 'இங்கிலாந்து' என்று முத்திரை இருக்கிறது. அமெரிக்காவுக்குப் போகும் சரக்கில் நாட்டின் பெயர் இருக்க வேண்டும் என்று 1891-இல் சட்டம் அமலுக்கு வந்ததால், அதற்குப் பிந்தையதாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். இப்போது கண்ணாடி அலமாரியில், பூட்டி.

*

தம்பி, அந்த முத்திரைக்குப் பக்கத்தில் 'ஆர்டி' (Rd) என்ற எழுத்தும் எண்ணும் இருக்கிறதா என்று லென்ஸ் வைத்துப் பாருங்கள். அது பதிவு செய்த வடிவமைப்பின் எண். 1884-இல் ஒன்றிலிருந்து தொடங்கிய வரிசை. பதிவேடுகள் லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. என் விசிலில் அப்படித்தான் ஆண்டு கிடைத்தது. வடிவத்தைப் பதிந்த ஆண்டுதான் அது. அதே அச்சில் எத்தனை வருஷம் அடித்துத் தள்ளினார்களோ! அண்ணா, உங்கள் குழலின் மூட்டுப் பக்கத்தை வெயிலில் படம் எடுத்துப் போடுங்கள். கழுவாமல்.