"எல்லா… இல்லை" என்ற கூற்றுக்கு நிகரான கூற்று எது?

வணக்கம். யுஜிசி நெட் (கல்லூரி ஆசிரியர் தகுதித் தேர்வு) முதல் தாளின் தருக்கப் பகுதிக்கு மதுரையில் தனியாகப் படித்து வரும் நான், மூன்று வாரங்களாக ஒரே வினாவில் நிற்கிறேன். தமிழில் அச்சான பயிற்சி நூலொன்று, "எல்லா உலோகங்களும் காந்தத்தால் ஈர்க்கப்படுவதில்லை" என்பதற்கு, "காந்தத்தால் ஈர்க்கப்படும் எதுவும் உலோகம் அன்று" என்பதையே நிகரான கூற்றாகத் தருகிறது. நான் குறித்த விடை, "சில உலோகங்கள் காந்தத்தால் ஈர்க்கப்படாதவை" என்பது.

ஒவ்வொரு வகையையும் ஒரு வட்டமாகக் காட்டும் வென் படம் வரைந்து பார்த்தேன். முழு மறுப்பாக, அதாவது ஓர் உலோகமும் ஈர்க்கப்படுவதில்லை எனக் கொண்டால், இரு வட்டங்களின் பொதுப் பகுதி, அங்கு எதுவும் இல்லை என்பதைக் காட்ட நிழலாகிறது. எழுவாயையும் பயனிலையையும் இடம் மாற்றினாலும் படம் மாறாததால் நூலின் விடை சரியாகிறது. பகுதி மறுப்பாக, அதாவது சில உலோகங்கள் ஈர்க்கப்படுவதில்லை எனக் கொண்டாலோ, உலோக வட்டத்துக்குள், மற்ற வட்டத்துக்கு வெளியே, அங்கு ஏதேனும் ஒன்று உண்டு என்பதைக் காட்டும் ஒரு பெருக்கற்குறி மட்டுமே விழுகிறது. இதை இடம் மாற்ற இயலாது: "சில மரங்கள் வேம்பு அல்ல" என்பது உண்மை, "சில வேம்புகள் மரங்கள் அல்ல" என்பது பொய். இரும்பு ஈர்க்கப்படுகிறது, செம்பு ஈர்க்கப்படுவதில்லை என்ற உலக அறிவைக் கொண்டு தீர்க்கவும் மனம் ஒப்பவில்லை. நிகர்மை கூற்றின் வடிவத்தைச் சார்ந்தது.

சிக்கல் தமிழ்த் தொடரிலேயே இருப்பதாக எண்ணுகிறேன். "எல்லாரும் வரவில்லை" என்றால், ஒருவரும் வரவில்லை என்றும் சிலர் வரவில்லை என்றும் இருவகையாகக் கொள்கிறோம் அல்லவா?

தருக்கம் கற்பிப்போர் தெளிவுபடுத்துங்கள்: தேர்வு வினாவில் "எல்லா… இல்லை" என வரும் தமிழ்க் கூற்றை முழு மறுப்பாகக் கொள்வதா, பகுதி மறுப்பாகக் கொள்வதா?