மழைக்காலச் சளி: ஃப்ளூ ஊசி போட்ட பெற்றோர் கொஞ்சம் சொல்லுங்களேன்

எல்லாருக்கும் வணக்கம். நாங்கள் மயிலாடுதுறைப் பக்கம், மூத்தவள் எல்கேஜி, சின்னவனுக்கு எட்டு மாதம். ஐப்பசி மழை பிடித்தாலே அவள் பள்ளியிலிருந்து சளியோடு வருவாள், இரண்டு நாளில் தம்பிக்கும் ஒட்டிக்கொள்ளும், ராத்திரி மூக்கடைத்துப் பால் குடிக்க முடியாமல் வாயை எடுத்து எடுத்து அழுகிறான், சலைன் சொட்டு விட்டால்தான் கொஞ்சம் அடங்குகிறான். இந்த வயதில் வருடத்துக்கு ஆறேழு தடவை சளி பிடிப்பது சகஜம் என்பது தெரியும், அதனால் சளியே வராமல் இருக்க வழி கேட்கவில்லை.

டாக்டர் இரண்டு பேருக்குமே ஃப்ளூ ஊசி போடச் சொல்கிறார். ஆறு மாதத்திலிருந்தே போடலாமாம், முதல் தடவை என்பதால் 4 வார இடைவெளியில் இரண்டு டோஸ், அப்புறம் வருடம் ஒன்று. அரசின் இலவசத் தடுப்பூசிப் பட்டியலில் இது இல்லாததால் வெளியில்தான் காசு கொடுத்துப் போட வேண்டும். போட்டவர்கள் சொல்லுங்கள், ஊசிக்குப் பிறகு காய்ச்சல் வந்ததா, எவ்வளவு ஆனது, மழை தொடங்கியபின் போட்டும் பலன் தெரிந்ததா?

இன்னொன்று. அத்தை கற்பூரவல்லிச் சாற்றில் தேன் குழைத்துச் சின்னவன் நாக்கில் தடவணும் என்கிறார். ஒரு வயதுக்குள் தேன் கூடவே கூடாது, அதிலிருக்கும் கிருமி குழந்தைக்கு ஆபத்து என்று சொன்னால், "உன் புருஷனை அப்படித்தான் வளர்த்தேன்" என்கிறார். மனம் நோகாமல் எப்படிச் சொல்வது?

எதிர்ப்புச் சக்திப் பொடி விற்பவர்கள் தயவுசெய்து இன்பாக்ஸுக்கு வராதீர்கள்.