பழைய கார் எஃப்.சி. பாஸ் ஆகுமா? அவசரம், உதவுங்கள்

கே.ஆர்.புரம்காரன்:
வணக்கம். போன வருஷம் இங்கே பெங்களூரில் செகண்ட் ஹேண்டில் ஒரு டிசையர் வாங்கினேன். எஃப்.சி. (வண்டி ஓடத் தகுதியானது என்ற சான்று) காட்டப் போனால் ஃபெயில் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஓட்டுவதற்கு வண்டி அருமையாக இருக்கிறது. விற்றவர் "இது ஒரு தடவைகூட ஃபெயில் ஆனதே இல்லை" என்று அடித்துச் சொன்னார். இனி வருஷாவருஷம் இதே கூத்துதானா? வைத்துக்கொள்வதா, தள்ளிவிடுவதா? சீக்கிரம் சொல்லுங்கள், திருப்பதி சவாரி ஒன்று ஒப்புக்கொண்டிருக்கிறேன்.

ஜெயநகர் ஜன்னல்:
பெட்ரோலா, டீசலா? எந்த வருஷ மாடல்? மஞ்சள் போர்டா (டாக்சி), வெள்ளையா (சொந்த வண்டி)? எதில் ஃபெயில் என்று தாள் கொடுத்திருப்பார்களே, அதில் என்ன போட்டிருக்கிறது?

ஸ்பேனர் தம்பி:
ஹெட்லைட்தான், சந்தேகமே வேண்டாம். பழைய வண்டி வாங்குகிறவர்கள் முதல் வேலையாக எல்.இ.டி. பல்பு மாட்டிவிடுகிறார்கள். ஹாலஜனுக்காகச் செய்த ரிஃப்ளெக்டரில் அதைப் போட்டால் வெளிச்சம் நாலா பக்கமும் சிதறும். சோதனை மெஷின் முன்னால் வைத்தால் பீம் எங்கே முடிகிறது என்றே தெரியாது. பழைய பல்பையே போட்டு, பீமை இறக்கி வைத்துக்கொண்டு போங்கள்.

ரூல்புக் ராயர்:
கேள்வி கேட்கவும் ஒரு முறை இருக்கிறது. நூறு தடவை எழுதிவிட்டேன், யாரும் படிப்பதில்லை. வெள்ளை போர்டு என்றால் 15 வருஷம் கழித்து ஆர்.சி. (பதிவுச் சான்று) புதுப்பிக்கும்போதுதான் சோதனை, பிறகு 5 வருஷத்துக்கு ஒருமுறை. மஞ்சள் போர்டுக்கு 8 வயது வரை 2 வருஷத்துக்கு ஒருமுறை எஃப்.சி., 8 தாண்டினால் வருஷம்தோறும். "சவாரி" என்ற ஒரு சொல்லை வைத்து இது மஞ்சள் போர்டு என்று நான் துப்பறிய வேண்டியிருக்கிறது. எஃப்.சி. இல்லாத டாக்சிக்கு மோட்டார் வாகனச் சட்டம் 56-வது பிரிவின்படி ரெஜிஸ்ட்ரேஷனே இல்லாத மாதிரி. இவர் அதை எடுத்துக்கொண்டு ஸ்டேட் தாண்டப் போகிறாராம்.

கே.ஆர்.புரம்காரன்:
சார், பழைய எஃப்.சி. இந்த மாசக் கடைசி வரை இருக்கிறது. மஞ்சள் போர்டு, டீசல், 2015. தாள் வீட்டில் இருக்கிறது. இப்போது ஏர்போர்ட் ட்ரிப், ராத்திரி பார்த்துச் சொல்கிறேன்.

டீசல் தாத்தா:
டீசலா! அப்படியானால் புகைதான். ஆக்சிலரேட்டரை ஒரே மிதியாக மிதித்து, வரும் புகையின் அடர்த்தியை அளப்பார்கள். பி.எஸ்.4 என்ற மாசுக் கட்டுப்பாட்டுத் தரத்து டீசலுக்கு 50 ஹார்ட்ரிட்ஜ் (புகை அடர்த்தி அலகு) வரை போகலாம், அதற்கு முந்தையதற்கு 65. பெங்களூருக்கு 2010 ஏப்ரலிலேயே பி.எஸ்.4 வந்துவிட்டது, ஆகவே உங்களுக்கு 50. ஏர் ஃபில்டர் அடைத்திருந்தால் புகை ஏறும், இ.ஜி.ஆர். வால்வு (புகையில் கொஞ்சத்தை இன்ஜினுக்கே திருப்பி விடுவது) கரி பிடித்திருந்தாலும் ஏறும். ஊர் டிராஃபிக்கில் ஐடிலிலேயே கிடந்த வண்டியைக் கொண்டுபோய் மிதித்தால், சேர்ந்த கரியெல்லாம் அங்கேதான் வெளியே வரும். ஓசூர் ரோட்டில் கொஞ்ச தூரம் நன்றாக ஓட்டி, இன்ஜின் சூடு ஆறுவதற்குள் உள்ளே விடுங்கள்.

அல்சூர் ஏரி:
இன்ஜெக்டர் கிளீனர் ஒரு பாட்டில் டேங்கில் ஊற்றினால் போதுமே.

டீசல் தாத்தா:
ஃபில்டரைக் கழற்றிப் பார்க்காமல் பாட்டில் ஊற்றுவது, பல்வலிக்குத் திருநீறு பூசுவது போலத்தான்.

ஒயிட்ஃபீல்டு வாசி:
2015 டீசல் என்றால் 10 வருஷம் ஆகிவிட்டதே! ஓட்டவே கூடாது, நேராக ஸ்கிராப்புக்குத்தான் போக வேண்டும். சுப்ரீம் கோர்ட்டே சொல்லிவிட்டது.

ரூல்புக் ராயர்:
அது டெல்லி. டெல்லியும் சுற்றுவட்டாரமும் மட்டும். பசுமைத் தீர்ப்பாயம் 2015-ல் சொன்னதைச் சுப்ரீம் கோர்ட் 2018-ல் உறுதி செய்தது. பெங்களூருக்கு அந்த 10 வருஷக் கணக்கு கிடையாது. வாட்ஸ்அப்பில் வந்ததை இங்கே கொட்டாதீர்கள்.

ஒயிட்ஃபீல்டு வாசி:
இன்றைக்கு டெல்லி, நாளைக்கு இங்கே. என் மச்சான் அங்கேதான் இருக்கிறார். 2025 ஜூலையில் பங்க்கில் டீசல் தர மாட்டேன் என்று விட்டார்கள்.

ரூல்புக் ராயர்:
சில நாளிலேயே அதை நிறுத்தியும் வைத்தார்கள். மச்சான் அதைச் சொல்லவில்லையா?

ஜெயநகர் ஜன்னல்:
டெல்லியை விடுங்கள், கேட்டவர் பாவம்.

பின்னிமில் மெக்கானிக்:
அண்ணா, விற்றவர் சொன்னது பொய்யாக இருக்காது. வருஷாவருஷம் எஃப்.சி.க்கு முன்னால் ஒரு நாள் ஷெட்டில் விட்டு எல்லாம் பார்த்துக்கொண்டு போயிருப்பார், பாஸ் ஆகியிருக்கும். நீங்கள் ரோட்டிலிருந்து நேராகக் கொண்டுபோயிருப்பீர்கள். இந்த வயசு வண்டியில் மாடலைப் பார்த்துப் பாஸ் ஆகுமா என்று சொல்லவே முடியாது, வைத்திருப்பவரைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

ஓட்ட அருமையாக இருக்கிறது என்கிறீர்களே, அதை நம்ப வேண்டாம். பிரேக் போடும்போது பாரமெல்லாம் முன்பக்கம் சாய்வதால் முன் சக்கரம்தான் வண்டியை நிறுத்துகிறது. பின் டிரம்மில் ஒரு பக்கம் வேலையே செய்யாவிட்டாலும் ஊருக்குள் ஓட்டும்போது காலுக்குத் தெரியாது. சோதனையில் சக்கரத்தை ரோலரில் ஏற்றினால் இடது எவ்வளவு, வலது எவ்வளவு என்று தனித்தனியாகக் காட்டிவிடும். ஹேண்ட் பிரேக்கும் அப்படித்தான், கியரில் போட்டு நிறுத்திப் பழகியவர்களுக்குக் கேபிள் தளர்ந்ததே தெரியாது.

டை ராட் எண்டில் (ஸ்டியரிங்கை முன் சக்கரத்தோடு சேர்க்கும் மூட்டு) ஆட்டம் இருக்கிறதா, டயர் பட்டன் (மேல் வரிப்பள்ளத்தின் ஆழம்) 1.6 மில்லிமீட்டருக்குக் கீழே போய்விட்டதா, சேசிஸ் நம்பர் துருப்பிடிக்காமல் படிக்க முடிகிறதா, இதையும் பாருங்கள். டாக்சி என்பதால் ஸ்பீடு கவர்னர் (வேகக் கட்டுப்பாட்டுக் கருவி) சீல் உடைந்திருக்கக் கூடாது, பேனிக் பட்டன் (ஆபத்தில் பயணி அழுத்துவது) வேலை செய்ய வேண்டும். டயர் தவிர மற்றதெல்லாம் சின்னச் செலவுதான். இதற்காக வண்டியைத் தள்ளிவிட வேண்டாம். சேசிஸ் அடியில் துரு ஓட்டை போட்டிருந்தால் மட்டும் யோசியுங்கள்.

ஸ்பேனர் தம்பி:
எல்லாம் சரி அண்ணா, ஆனால் ஹெட்லைட்டையும் பார்க்கச் சொல்லுங்கள்.

ஜெயநகர் ஜன்னல்:
கே.ஆர்.புரம், தாள் கிடைத்ததா?

ஜெயநகர் ஜன்னல்:
ஹலோ?

கே.ஆர்.புரம்காரன்:
மன்னிக்கவும், சவாரி மேல் சவாரி. பின் பிரேக்தான், இடது பக்கம். பிரேக் ஷூவைத் தள்ளும் வீல் சிலிண்டர் லீக். மாற்றிவிட்டுக் காட்டினேன், பாஸ். எல்லோருக்கும் நன்றி.

ரூல்புக் ராயர்:
நான் அப்போதே சொன்னேன்.

டீசல் தாத்தா:
நீங்கள் எங்கே பிரேக்கைப் பற்றிப் பேசினீர்கள்? 56-வது பிரிவைப் பற்றித்தானே பேசினீர்கள்.

பின்னிமில் மெக்கானிக்:
ஒரு பக்கம் மட்டும் மாற்றினீர்களா, இரண்டு பக்கமுமா? லீக் ஆன ஃப்ளூயிட் பிரேக் ஷூவில் ஊறியிருந்தால் ஷூவையும் மாற்ற வேண்டும், இல்லையென்றால் அடுத்த எஃப்.சி.யில் அதே பக்கம் மறுபடி ஃபெயில் ஆகும். புகை எவ்வளவு காட்டியது?

பொம்மனஹள்ளி புதுசு:
எனக்கும் இதே பிரச்சினை, ஆனால் என் வண்டி சி.என்.ஜி. எஃப்.சி. கிடைக்கவில்லை. என்ன செய்யலாம்? அவசரம்.

ஜெயநகர் ஜன்னல்:
கேஸ் சிலிண்டருக்கு 3 வருஷத்துக்கு ஒருமுறை ஹைட்ரோ டெஸ்ட் (தண்ணீர் அழுத்தச் சோதனை) எடுக்க வேண்டும். கடைசியாக எப்போது எடுத்தீர்கள்? அப்புறம், தாளில் என்ன போட்டிருக்கிறது?