ஊறாப் பலகை, கசியாத் தரை: திங்களுக்குள் ஒரு சொல் தேவை

வியாழன் இரவு, இலண்டனிலிருந்து

சொல்லாக்கக் குழுவினருக்கு வணக்கம்.

திங்கள் காலை ஒன்பது மணிக்குள் நான்கு பக்கத் துண்டுப்பிரசுரம் ஒன்றைத் தமிழில் கொடுத்தாக வேண்டும். கேட்டிருப்பது தரைப் பலகை விற்கும் கடை. வாடிக்கையாளர்களில் பாதிப் பேர் நம்மவர்கள். தோட்டத்துக் கொட்டகையில் பீர் தயாரிப்பவர்கள் எப்படிப்பட்ட தரை போட வேண்டும் என்பதுதான் செய்தி. முகம் சுளிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: இங்கே இது கள்ளத்தனம் அல்ல. 1880-இல் வந்த உரிமக் கட்டுப்பாட்டை 1963-இல் எடுத்துவிட்டார்கள். காய்ச்சி வடிக்கக் கூடாது, விற்கக் கூடாது. சொந்தக் குடிப்புக்குத் தடை இல்லை.

சிக்கல் 'வாட்டர்புரூஃப்' என்ற சொல்லில். முதல் பக்கத்தில் 'நீர்ப்புகா' என்று எழுதிக் கடந்துவிட்டேன். மூன்றாம் பக்கத்தில் மாட்டிக்கொண்டேன். 'நீர்ப்புகாப் பலகையைப் பதித்தால் மட்டும் தரை நீர்ப்புகாத் தரை ஆகிவிடாது' என்று வருகிறது. விடுகதை போல இருக்கிறது அல்லவா? ஆனால் விஷயம் உண்மை. கடைக்காரரின் மைத்துனர் கொட்டகையில் நேரில் பார்த்தேன். 23 லிட்டர் வாளியின் குழாய் இரவெல்லாம் சொட்டியிருக்கிறது. மேலே வினைல் பலகை புதிதுபோலப் பளபளக்கிறது. ஒரு மூலையை நெம்பித் தூக்கினார். அடியிலிருந்த மரச்சில்லுப் பலகை தேநீரில் நனைத்த ரஸ்க்காகப் பொதுமியிருந்தது. விரலை வைத்தால் உள்ளே போகிறது. புளித்த வாடை வேறு. பலகைக்கு ஒன்றும் ஆகவில்லை. இணைப்பு வழியாக இறங்கிய நீர்தான் அடியை அழித்திருக்கிறது.

ஆக, நீரால் கெடாத பொருள் ஒன்று, நீரைக் கீழே விடாத தரை இன்னொன்று. ஆங்கிலம் இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்து வியாபாரம் செய்கிறது. நமக்கு இரண்டு சொற்கள் வேண்டும்.

வெள்ளி காலை, மதுரையிலிருந்து, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்

சொல்லை ஆக்குமுன் ஒற்றைச் சரிசெய்க. 'நீர்ப்புகா' பிழை. நீர் எழுவாய், புகா ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம். எழுவாய்த் தொடரில் வல்லினம் மிகாது. 'நீர்புகாத் தரை' என்பதே சரி. பின்னால் வரும் த் கட்டாயம்.

இன்னொன்று. கொட்டகைக்கு 'வீட்டு மதுத் தயாரிப்புக் கொட்டகை' என்று அனுமார் வால் போட்டிருப்பீர்கள். சங்கப் பாட்டான பெரும்பாணாற்றுப்படையில் 'இல்லடு கள்' இருக்கிறது. வீட்டில் அட்ட, அதாவது சமைத்த கள், அதுவும் அரிசியில் ஆன தோப்பி. அதே பாட்டில் அரிசிக் கூழை வாயகன்ற தட்டில் ஆற்றி, அடை கலந்து, இரண்டு பகலும் இரண்டு இரவும் சாடியில் விளையவிடும் முறை முழுதாக வருகிறது. விளைதல்! 'நொதித்தல்' என்று ஆய்வகத்துச் சொல்லைத் தேடிக்கொண்டு போவானேன்? 'இல்லடு கொட்டகை' என்று எழுதுங்கள்.

வெள்ளி மாலை, கோவையிலிருந்து, கட்டடப் பொறியாளர்

ஐயா, 'இல்லடு கொட்டகை' என்றால் வாசகர் வீடு இடிந்த கொட்டகை என்று நினைப்பார். அடுதலுக்கு அழித்தல் என்றும் பொருள் உண்டே.

யகர, ரகர, ழகர ஈறுகளுக்கு முன் அல்வழியில் (வேற்றுமை அல்லாத தொடரில்) இயல்பும் மிகுதலும் உண்டு என்று நன்னூல் சொல்கிறது. ஆகவே 'நீர்ப்புகா' என்பதைத் தூக்கில் போட வேண்டாம்.

என் பங்குக்கு: பலகைக்கு 'நீர்தாங்கி', தரைக்கு 'நீர்புகா'. துண்டுப்பிரசுரத்தில் வேறு இரண்டு சொற்களும் கட்டாயம் வர வேண்டும். முதலாவது வாட்டம். எந்தக் கொத்தனாரையும் கேளுங்கள், தண்ணீர் ஓடச் சரிவு கொடுப்பதை வாட்டம் என்றுதான் சொல்வார். 80-க்கு 1 கொடுத்தால் மீட்டருக்கு 12.5 மில்லிமீட்டர். வாட்டம் இல்லாத தரையில் எந்தப் பூச்சும் வீண். இரண்டாவது ஓதம். கான்கிரீட் தரை என்றால் ஈரம் கீழிருந்தும் ஏறும். ஒரு பிளாஸ்டிக் தாளை நான்கு ஓரமும் ஒட்டி ஒரு நாள் விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். அடியில் வியர்த்திருந்தால் ஓதம் இருக்கிறது. மேலே பூசியது உரிந்துவிடும். சாதாரண எபாக்சிப் பூச்சும் கொதிக்கும் மால்ட் (முளைகட்டிய தானிய) சாற்றுக்குத் தாங்காது, 60 டிகிரியை ஒட்டியே இளகத் தொடங்கும். பெரிய மதுவாலைகளில் பாலியூரித்தேன் கலந்த சிமென்ட் தரை போடுவது அதனால்தான்.

வெள்ளி இரவு, டொராண்டோவிலிருந்து

நீர்தாங்கியா? யாழ்ப்பாணத்தில் எங்கள் ஊரில் நீர்த்தாங்கி வீட்டுக்குப் பின்னால் தூண்மேல் நிற்கும். ஆயிரம் லிட்டர் பிடிக்கும். இலண்டன் வாடிக்கையாளரில் யாழ்ப்பாணத்தவர் அதிகம் என்றால், கொட்டிலுக்குள் தாங்கி பதிக்கச் சொல்கிறார்கள் என்று கடைக்குப் போய்க் கேட்பார்கள். ஒரு ஒற்றுத்தான் வித்தியாசம். 'கொட்டகை'க்குப் பதில் 'கொட்டில்' போடுங்கள் என்று கேட்கவில்லை, அடைப்புக்குறிக்குள்ளாவது போடுங்கள்.

ஓதமும் ஆபத்து. அகராதியில் அதற்கு ஈரம், கடல், அலை எல்லாம் இருக்கிறது, விரைவீக்க நோயும் இருக்கிறது. 'ஓதத்தைத் தடுக்க எங்கள் கடைக்கு வாருங்கள்' என்று அச்சிட்டால் வருகிற கூட்டம் வேறாக இருக்கும்.

சனி காலை, சிங்கப்பூரிலிருந்து

நான்கு மடல்களில் ஒரு ஒற்றைப் பற்றி இத்தனை பேசியிருக்கிறோம். பெட்டியின்மேல் 'வாட்டர்புரூஃப்' என்றுதான் அச்சாகியிருக்கிறது. வாங்குபவர் அந்தச் சொல்லைத்தான் தேடுவார். தமிழெழுத்தில் 'வாட்டர்புரூஃப்' என்று போட்டு, அடுத்த வரியில் இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை விளக்கிவிடுங்கள். தூய்மைக்காகத் தரை ஊறக் கூடாது.

சனி காலை, அரை மணி கழித்து, சென்னையிலிருந்து

சிங்கப்பூர் நண்பர் தம்மை அறியாமலே விடை சொல்லிவிட்டார். ஊறுதல். பலகைக்கு நடப்பது அல்லது நடக்காமலிருப்பது அதுதான். நீர்பட்டால் ஊறாதது ஊறாப் பலகை. தரைக்கு நடப்பது வேறு. அது கசியும் அல்லது கசியாது. கசியாத் தரை. 'ஊறாப் பலகை போட்டாலும் இணைப்பை அடைத்து, ஓரத்தைச் சுவர்மேல் ஒரு சாண் ஏற்றினால்தான் கசியாத் தரை.' விடுகதை தீர்ந்ததா? சமையலறைக்குள் புழங்குகிற சொற்கள். யாருக்கும் அகராதி வேண்டாம்.

சனி மதியம், திருச்சியிலிருந்து, முன்னாள் நிருபர்

சொல் நன்று, இடம்தான் உதைக்கிறது. இருபது ஆண்டு காவல்துறைச் செய்தி எழுதியவன் நான். 'மலையடிவாரத்தில் 500 லிட்டர் ஊறல் அழிப்பு' என்று எத்தனை முறை எழுதியிருப்பேன்! வெல்லமும் பட்டையும் போட்டுப் புளிக்கவிடுவதுதானே ஊறல்? அது இருக்கிற கொட்டகையில் 'ஊறாத் தரை' என்றால், சரக்கு புளிக்காத தரை என்று ஆகும். பீர் போடுகிறவர் அதைக் கேட்டால் அழுதுவிடுவார்.

அதே மூச்சில் ஒன்று: புளித்துக்கொண்டிருக்கும் மால்ட் சாற்றுக்கே 'ஊறல்' நல்ல சொல். ஆனால் கடைக்காரர் ஒப்புவாரா தெரியாது.

சனி இரவு, மதுரையிலிருந்து

'கசியாத் தரை' என்பதில் கசிவது நீரா, தரையா? கசிவது நீர். ஆகவே 'நீர் கசியாத் தரை' என்று முழுதாக எழுத வேண்டும். 'நீர்க்கசியா' என்று எழுதிவிடாதீர்கள். கோவைப் பொறியாளர் காட்டிய விதி நான் மாணவருக்கு முப்பது ஆண்டு நடத்தியது. அதில் மிகுதல் எழுவாய்த் தொடருக்கு உரியது அன்று.

சனி இரவு, சென்னையிலிருந்து

'பானை கசிகிறது' என்று யாரும் சொல்வதில்லையா ஐயா?

ஞாயிறு இரவு, இலண்டனிலிருந்து

எல்லோருக்கும் நன்றி. இப்படி முடித்திருக்கிறேன்: ஊறாப் பலகை, கசியாத் தரை. ஐந்து பேர் ஆதரவு. அதில் இரண்டு பேர் 'சரி, விடுங்கள்' என்றுதான் எழுதியிருந்தார்கள், அதையும் ஆதரவாகவே எண்ணிக்கொண்டேன். நிருபர் ஐயாவுக்கு அஞ்சி, தரைக்கு 'ஊறா' எங்கும் வராமல் பார்த்துக்கொண்டேன். வாட்டம் அப்படியே இருக்கிறது. ஓதத்துக்குப் பதில் 'கீழிருந்து ஏறும் ஈரம்'. கொட்டகைக்குப் பக்கத்தில் கொட்டிலும் உண்டு. இல்லடு இல்லை, மன்னிக்க வேண்டும்.

திங்கள் மதியம், இலண்டனிலிருந்து

கடைக்காரர் படித்துவிட்டார். 'ஊறாப் பலகை' கேட்டவுடன் புரிந்தது என்றார். தலைப்பில் மட்டும் 'வாட்டர்புரூஃப்' வேண்டுமாம், மாற்றிக் கொடுத்தேன்.

திங்கள் இரவு, மதுரையிலிருந்து

தலைப்பில் ஃ எதற்கு? அது ஆய்தம், பகரத்துக்கு முன் நின்று ஆங்கில எழுத்துக்கு வாடகை வீடு கொடுப்பது அதன் வேலை அன்று. இது குறித்துத் தனி மடல் எழுதுகிறேன்.